கடதாசியில் எழும் கட்டடங்கள்

வரலாற்று ஆய்வுக்குத் துணைபுரியும் சான்றுகளுள் கட்டடமும் ஒன்றாகும். சாசனம் பேசுகின்றது, நாணயம் ஓர் அரசனின் பெயரையேனும் சொல்லுகின்றது, கட்டடமோ வாய்திறவாது நிற்கின்றது. அது நிற்குங்காலத்தில் அதனை அளந்து குறித்துவைக்க வேண்டும் என்னும் எண்ணம் எவருக்கும் எளிதில் எழுவதில்லை. வீழ்ந்த பின்னரே அதன் உயரம் யாது, சுவரின் தடிப்பு யாது, கூரையின் சரிவு யாது என்னும் வினாக்கள் எழுகின்றன. அப்பொழுது விடை கூற எஞ்சியிருப்பது பெரும்பாலும் கடதாசி ஒன்றே.

கடந்த ஐம்பது ஆண்டுகளுள் யாழ்ப்பாணக் குடாநாடு இழந்த கட்டடங்கள் பல. அவற்றுட் சில மீண்டெழுந்தன, சில கற்குவியலாயின, சில இருந்த சுவடே தெரியாமற் போயின. இவ்வேறுபாட்டுக்குரிய காரணங்களை ஆராயுங்கால், பொதுவாகச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கப்படும் ஒரு கலையை உரைகல்லாகக் கொள்ளலாம். வரலாற்றுக் கட்டடங்களைக் கடதாசியில் வெட்டி, மடித்து, ஒட்டிச் சிற்றுருவாக அமைக்கும் கலையே அது. ஒரு கட்டடத்தின் பெருமையைப் பற்றி அதன் அளவுகளை அறியாமலே நூறு பக்கம் எழுதிவிடலாம். ஆனால் அதன் அளவுகளை அறியாமல் ஒரு சாண் உயரமுள்ள கடதாசி மாதிரியுருவையும் உண்மையாக ஒட்டிவிட முடியாது. அறிவு எங்கே முடிகின்றது, கற்பனை எங்கே தொடங்குகின்றது என்பதைக் கத்தரிக்கோல் காட்டிவிடுகின்றது.

மாதிரியுரு என்னும் மரபு

பெரிய கட்டடத்தைச் சிறிய உருவிற் காட்டும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. கி.பி. 7ஆம் நூற்றாண்டிற் பல்லவர் காலத்தில் மாமல்லபுரத்திற் செதுக்கப்பட்ட ஐந்து இரதங்கள் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாகும். ஒற்றைக் கற்களிற் குடையப்பட்ட இவை மரத்தாலும் செங்கல்லாலும் கூரை வேய்ந்தும் எழுப்பப்பட்ட அக்காலக் கட்டடங்களின் வடிவங்களைக் கல்லிலே பதித்துவைத்தன. திரௌபதி இரதம் எனப்படுவது கூரை வேய்ந்த சிறு குடிசையின் தோற்றத்தை உடையது. அக்காலத்து மரமும் ஓலையும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நின்றிருத்தல் இயலாது. எனினும் அவற்றின் வடிவம் இன்றும் கண்முன் நிற்கின்றது. மூலம் அழிந்த பின்னரும் மாதிரி நிலைபெற்றமையே இதற்குக் காரணமாகும்.

திராவிட விமானத்தின் அமைப்பும் இத்தகையதே. அதன் தளந்தோறும் வரிசையாக நிற்கும் கூடு, சாலை என்பன தனித்தனிச் சிறு கோயில்களின் வடிவங்களாகும். கோயிலின்மேற் கோயில்களைச் சிற்றுருவில் அடுக்கியே சிற்பிகள் விமானத்தை உயர்த்தினர். கோயிலின் வடிவைத் தெருவுக்குக் கொண்டுவருவது தேர். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே தேர்த் திருவிழாவுக்கு முதல்நாள் மாலையில் இடம்பெறும் சப்பறத் திருவிழாவும் இவ்வழியில் நோக்கத்தக்கது. நல்லூரில் இருபத்தைந்து நாள் நிகழும் பெருவிழாவில் இது இருபத்துமூன்றாம் நாளுக்குரியது. மரச்சட்டங்களைக் கட்டி உயர்த்தி அலங்கரித்த சப்பறம் ஓரிரவு கோபுரம்போல் அசைந்து வருகின்றது. கட்டடத்தைச் சிற்றுருவாகவும் தற்காலிக உருவாகவும் ஆக்கிக் காணும் மனப்பாங்கு இம்மண்ணுக்கு அந்நியமானதன்று என்பதற்கு இவை சான்றாகும். ஆயின், சப்பறம் கட்டுவோரின் நோக்கம் அழகும் பத்தியுமேயன்றி ஒரு குறித்த கட்டடத்தின் அளவைக் காத்தல் அன்று.

அளவைக் காக்கும் கடதாசி

அளவைக் காத்தற்கென்றே கடதாசி மாதிரியுருவைக் கையாண்டவர்களுள் யப்பானியர் குறிப்பிடத்தக்கவர்கள். எடோ காலத்திலே தேநீர்ச் சடங்குக்குரிய சிற்றில்களை அவர்கள் ‘ஒகொஷி எசு’ எனப்படும் எழுந்து நிற்கும் வரைபடங்களாகப் பதிவுசெய்தனர். தரையின் கிடைப்படம் ஒரு தாளில் வரையப்படும். சுவர்கள் கதவு, சாளரம் ஆகியவற்றுடன் தனித்தனித் துண்டுகளாக வரையப்பட்டு அதன் ஓரங்களில் ஒட்டப்படும். மடித்தால் அது ஒரு தாள். நிமிர்த்தினால் ஒரு வீடு. அளவுகளும் அவ்வத் துண்டுகளிலேயே எழுதப்பட்டமையால், மூலக்கட்டடம் எரிந்துபோயினும் தச்சன் ஒருவன் அதனை மீண்டும் கட்டிவிடலாம்.

ஐரோப்பாவில் இக்கலை அச்சுத் தொழிலோடு வளர்ந்தது. பிரான்சின் எப்பினால் நகரத்திற் பெல்லெரின் அச்சகமும், யேர்மனியின் எஸ்லிங்கன் நகரத்தில் 1831இல் தொடங்கப்பெற்ற சிரைபர் பதிப்பகமும் 19ஆம் நூற்றாண்டில் வெட்டி ஒட்டத்தக்க கட்டடத் தாள்களை ஏராளமாக வெளியிட்டன. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே இங்கிலாந்தில் மரமும் உலோகமும் கிடைத்தற்கு அரிதாயின. அக்காலத்தில் ஜெஃப்ரி ஹைவே என்பவர் தொடங்கிய ‘மைக்ரோமொடல்ஸ்’ என்னும் நிறுவனம் அஞ்சலட்டையளவான அட்டைகளிற் புகழ்பெற்ற கட்டடங்களின் பகுதிகளை அச்சிட்டு விற்றது. உள்ளங்கையில் அடங்கும் அம்மாதிரிகளை அமைத்தற்கு ஒரு கத்தி, சிறிது பசை, மிகுந்த பொறுமை ஆகிய மூன்றுமே போதுமாயிருந்தன. குண்டுகள் வீழ்ந்து மெய்யான கட்டடங்கள் சரிந்துகொண்டிருந்த நாட்டிலேயே அவற்றின் சிற்றுருக்கள் மேசைகளின்மேல் எழுந்தமை சிந்தனைக்குரியது.

ஆட்சியாளர் விட்டுச்சென்ற தாள்கள்

இவ்வுரைகல்லைக் கொண்டு யாழ்ப்பாணத்துக் கட்டடங்களை நோக்கின், முதலிற் கண்ணிற் படுவது கோட்டையே. 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை நாற்கோண வடிவினது. 1658இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனை மாற்றி ஐங்கோணமாக அமைத்தனர். அதன் வெளியரண்கள் 1792இலேயே முற்றுப்பெற்றன. மூன்றாண்டுகளின் பின், 1795 செப்ரெம்பரில், எதிர்ப்பின்றி அது ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்த இக்கோட்டையின் ஐந்து கொத்தளங்களும் ஒல்லாந்து நாட்டு மாகாணங்களின் பெயர்களைப் பெற்றிருந்தன.

ஒல்லாந்தர் வணிகர். கணக்கு எழுதுதல் அவர்தம் இயல்பு. காணிகளையும் குடிகளையும் தோம்புகளிற் பதிந்த அவர்கள் தாம் கட்டிய அரண்களையும் அளவு குறித்து வரைந்துவைத்தனர். அவ்வரைபடங்கள் பல ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்துத் தேசிய ஆவணக்காப்பகத்திற் பேணப்படுகின்றன. 1984இல் நெல்சன் என்பவர் இலங்கையின் ஒல்லாந்தக் கோட்டைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலும் இக்கோட்டையின் அமைப்பை விளக்குகின்றது. ஆகவே யாழ்ப்பாணக் கோட்டையைக் கடதாசியில் அமைக்க விரும்பும் மாணவன் கற்பனையை நாடவேண்டியதில்லை. ஒரே அகலமுடைய கடதாசிப் பட்டியொன்றை எளிய முடிச்சாக முடிந்து மெல்ல இறுக்கித் தட்டையாக அழுத்தினால் ஒழுங்கான ஐங்கோணம் தோன்றும். அதன் உட்கோணம் ஒவ்வொன்றும் 108 பாகையாகும். கோட்டையின் அடிப்படை வடிவம் அந்த முடிச்சினுள் அடங்கிவிடுகின்றது. எஞ்சியவற்றுக்கு வரைபடம் இருக்கின்றது.

கோட்டையினுள் 1706இல் எழுந்த ஒல்லாந்த தேவாலயம் இதனிலும் துயரமான பாடத்தைத் தருகின்றது. சமநீளக் கரங்களையுடைய கிரேக்கச் சிலுவை வடிவில் அது அமைந்திருந்தது. அதனை வடிவமைத்தவராகக் கூறப்படும் மார்ட்டினஸ் லெயுசெகாம் நில அளவையாளராக விளங்கியவர். போர்த்துக்கேயர் காலக் கல்லறைக் கற்களும் அதனுள் இடம்பெற்றிருந்தன. வட மாகாணத்தில் அரசாங்க அதிபராகப் பணியாற்றிய ஜே.பி. லூயிஸ் அக்கற்களின் வாசகங்களைப் படியெடுத்து 1913இல் வெளியிட்ட நூலிற் சேர்த்தார். 1990ஆம் ஆண்டை ஒட்டிய போர்க்காலத்தில் அத்தேவாலயம் இடிந்து கற்குவியலாயிற்று. கல்லிற் பொறித்த எழுத்தும் கடதாசியில் ஏறியிருந்தமையாலேயே, அங்கு அடக்கஞ் செய்யப்பட்டோர் யாவர் என்பதை இன்றும் அறிய முடிகின்றது.

ஆட்சியாளரின் தாள்கள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல என்பதும் நோக்கற்பாலது. ஒல்லாந்தப் போதகர் பிலிப்பஸ் பல்தேயுஸ் 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட நூலிலே குடாநாட்டுத் தேவாலயங்கள் பலவற்றின் செதுக்குப் படங்கள் காணப்படுகின்றன. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு முதலிய ஊர்களின் 17ஆம் நூற்றாண்டுத் தோற்றத்தை அவை காட்டுகின்றன. எனினும் அவை ஒரு பக்கத்துக் காட்சிகளே. கண்ணுக்கு விருந்தாகும் அப்படங்களைக் கொண்டு முன்சுவரை வெட்டலாம். பின்சுவரை வெட்டும்போது கை நின்றுவிடும். படம் வேறு, அளவுப்படம் வேறு என்னும் உண்மையை மாதிரியுரு இவ்விடத்து உணர்த்துகின்றது.

யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரம் இத்தொடர்பில் மற்றொரு செய்தியைத் தருகின்றது. வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கைக்கு வந்தமையை நினைவுகூரும் முகமாக 1882இல் அது எழுப்பப்பட்டது. அதனை வடிவமைத்த ஸ்மிதர் என்பவரே அநுராதபுரத்துத் தொல்கட்டடங்களை அளந்து வரைந்தவர். அவ்வரைபடங்கள் 1894இல் நூலாக வெளிவந்து, பின்வந்த தொல்லியலாளருக்குப் பெருந்துணையாயின. அநுராதபுரத்தின் இடிபாடுகளை அளப்பதற்கு அரசாங்கம் ஒருவரை அமர்த்தியது. யாழ்ப்பாணத்தின் மடங்களையும் கேணிகளையும் அவ்வாறு அளந்து நூலாக்கும் முயற்சி அக்காலத்தில் எழவில்லை.

தாள் இல்லாதவை

ஆட்சியாளர் தம் கட்டடங்களை வரைந்தனர். குடிகளின் கட்டடங்கள் வரையப்படவில்லை. யாழ்ப்பாணத்துக் கட்டடக்கலை வரலாற்றின் அடிப்படைக் குறைபாடு இதுவேயாகும்.

1621இல் பிலிப் டி ஒலிவேராவின் கட்டளைப்படி இடிக்கப்பட்ட பழைய நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் பற்றி இலக்கியமும் மரபும் நிறையப் பேசுகின்றன. ஆயின், ஒரு தூணின் இடைவெளியைக்கூட அவற்றைக் கொண்டு குறித்துவிட முடியாது. 18ஆம் நூற்றாண்டில் எழுந்த இன்றைய கோயில் வேறிடத்தில் வேறு வடிவில் அமைந்தது. சங்கிலியன் தோப்பிலுள்ள வாயில் வளைவும் மந்திரிமனையும் நல்லூரின் பழமையை நினைவூட்டி நிற்கின்றன. எனினும் மந்திரிமனையின் இப்போதைய உருவிற் பிற்கால வேலைப்பாடே மிகுதி. அரச மாளிகையின் மாதிரியென்று யாரேனும் ஒன்றை ஒட்டிவைப்பின், அது கலைப்பொருள் ஆகலாம். வரலாற்றுச் சான்று ஆகாது.

அரச மாளிகை போகட்டும். நேற்றுவரை நின்றவற்றின் நிலை யாது? நடுவே முற்றமும் நாற்புறமும் அறைகளும் விறாந்தைகளும் கொண்ட நாற்சார் வீடு, தெருவோரத்து வழிப்போக்கன் ஒதுங்குவதற்குச் சிறு கூரையோடு அமைந்த சங்கடப்படலை, தலைச்சுமையை இறக்கிவைக்கும் சுமைதாங்கி, மாடுகள் உடலை உரசிக்கொள்ளும் ஆவுரஞ்சிக்கல், கேணியோரத்து மடம் என்பன ஒரு சமூகத்தின் வாழ்வை அரண்மனையினும் தெளிவாக எடுத்துரைப்பன. யார் எங்கே இருந்தார், யார் எதுவரை அனுமதிக்கப்பட்டார், பெண்கள் எவ்வழியாற் புழங்கினர் என்பனவெல்லாம் நாற்சார் வீட்டின் கிடைப்படத்திலே எழுதப்பட்டுள்ளன. சாதி ஒழுங்கின் வரலாற்றை எழுதுவோன் சாசனத்தோடு திண்ணையின் உயரத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இவை போரினால் மாத்திரம் அழிந்தன என்று கூறுவதும் பொருந்தாது. வலிகாமம் வடக்கில் 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப் பின் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியோருட் பலர் தம் வீடுகளின் அத்திவாரத்தையே கண்டனர் என்பது உண்மை. அதே வேளையில் வீதி அகலிப்பும் புதுமனை ஆசையும் திருப்பணி ஆர்வமும் அமைதிக் காலத்திலேயே பழைய மடங்களையும் மண்டபங்களையும் அகற்றின. குண்டு வீழ்ந்த இடத்தைச் சமூகம் நினைவில் வைத்துள்ளது. கொங்கிறீற்றுக்காகத் தானே இடித்த இடத்தை எளிதில் மறந்துவிடுகின்றது.

மீண்டெழுந்தவை தரும் பாடம்

யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் இவ்விரு நிலைகளையும் ஒருங்கே காட்டுவது. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் வடிவமைத்து, 1959இல் திறந்துவைக்கப்பட்ட அந்நூலகம் 1981 மே 31ஆம் திகதி இரவு எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. திராவிடக் கட்டடக்கலைக் கூறுகளைத் தாங்கிய அதன் முகப்பு பின்னர் மீளக் கட்டப்பட்டு, இன்று பழைய தோற்றத்தை நினைவூட்டி நிற்கின்றது. ஆயின், அங்கு எரிந்த ஏட்டுச்சுவடிகளுள் வேறெங்கும் படியில்லாதவை என்றென்றைக்குமாக மறைந்தன. உருவம் பதிவாகியிருந்த கட்டடம் மீண்டது; படியெடுக்கப்படாத ஏடு மீளவில்லை. பதிவின் பெறுமதியை இதனினும் கொடிதாக உணர்த்தும் நிகழ்ச்சி ஈழத்தமிழர் வரலாற்றில் வேறில்லை எனலாம்.

உலக வரலாற்றிலே இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. போலந்தின் தலைநகர் வோர்சோவிலே, இரண்டாம் உலகப்போருக்கு முன், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையினர் பழைய நகரின் கட்டடங்களை அளந்து வரையும் பணியில் ஈடுபட்டனர். பெரும்பகுதி மாணவர் பயிற்சியாகவே செய்யப்பட்டது. 1944ஆம் ஆண்டின் எழுச்சிக்குப் பின் நாற்சிப் படைகள் அந்நகரைத் திட்டமிட்டு அழித்தன; பழைய நகரின் 85 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதி தரைமட்டமாயிற்று. ஆயினும் அவ்வரைபடங்கள் வெளியே கொண்டுசெல்லப்பட்டுப் பியோத்ர்கூவ் நகரத்து மடாலயம் ஒன்றிற் கல்லறைகளினுள் மறைத்துவைக்கப்பட்டிருந்தன. போர் முடிந்ததும் அத்தாள்களையும் பழைய ஓவியங்களையும் நிழற்படங்களையும் துணைக்கொண்டு நகர் மீளக் கட்டப்பட்டது. 1980இல் அது உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. மாணவர் கைகள் பரீட்சைக்காக வரைந்த தாள்கள் ஒரு தலைநகரத்தை மீட்டுத்தந்தன என்பது மிகைக்கூற்றன்று.

ஒரு மடமும் ஒரு மட்டைத்தாளும்

பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடத்தை எடுத்துக்கொள்வோர்க்கு இப்பணியின் எளிமை விளங்கும். தெருவை மூடியவாறு கூரை. கூரையைத் தாங்கும் கற்றூண்கள். தெருவின் இருமருங்கும் வழிப்போக்கர் இளைப்பாறும் திண்ணைகள் என அதன் அமைப்புச் சுருங்கியது. இருவர், ஓர் அளவுநாடா, ஒரு குறிப்பேடு, ஒரு பகற்பொழுது ஆகியவை அளவெடுத்தற்குப் போதும். 1:100 என்னும் அளவுத்திட்டத்தில் ஒரு மீற்றர் ஒரு சென்ரிமீற்றராகும். மூன்று மீற்றர்த் தூண் விரல்நீளத்துள் அடங்கும்.

முதலிற் கிடைப்படமும், பின் முகப்புப்படமும், அதன்பின் வெட்டுமுகமும் வரையப்படல் வேண்டும். இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை விரிப்புப்படமாக்கி மடித்துப் பார்க்கும்போதே அறியலாம். கூரைத்தாள் சுவரை எட்டாமல் நின்றால் எங்கோ ஓரளவு பிழைத்துள்ளது. மீண்டும் மடத்துக்குச் சென்று அளத்தல் வேண்டும். தாளில் மட்டும் வரைந்தவன் தன் பிழையை அறியாமலிருக்கலாம். ஒட்டிப் பார்த்தவன் அறியாமலிருக்க முடியாது. விளையாட்டென்று கருதப்படும் இக்கலை ஆய்வு முறையாக உயர்வது இவ்விடத்தேயாகும்.

இடிந்துபோனவற்றுக்கும் வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. நிழற்படத்திலிருந்து கட்டடத்தின் அளவைக் கணிக்கும் முறையை 19ஆம் நூற்றாண்டிலேயே யேர்மானியரான மைடன்பவர் வகுத்தார். அம்முறையில் நினைவுச் சின்னங்களைப் பதிவுசெய்வதற்கென 1885இற் பேர்லினில் ஓர் அரச நிறுவனமும் அமைந்தது. இன்று கணினி அப்பணியை எளிதாக்கியுள்ளது. மணவிழாப் படத்தின் பின்னணியில் தெரியும் நாற்சார் வீட்டு முற்றம், புலம்பெயர்ந்தோர் பெட்டிகளிற் கிடக்கும் சங்கடப்படலைப் படம் என்பனவெல்லாம் அளவறிதற்கு உதவும் ஆவணங்களாகும். படத்தில் நிற்கும் மனிதரின் உயரமே சில வேளைகளில் அளவுகோலாகிவிடும்.

ஒரு கடதாசி மாதிரியுரு கட்டடத்துக்கு ஈடாகாது. அதன் திண்ணையில் எவரும் இளைப்பாற முடியாது. அதன் மணியோசை எவர் காதிலும் விழாது. மீளக் கட்டுதலே ஒவ்வோர் இழப்புக்கும் விடை என்பதும் இங்குக் கருத்தன்று. எது இருந்தது என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லும் உரிமையே இங்குப் பேசப்படுவது. அளந்து குறிக்கப்பட்ட கட்டடத்தை எவரும் இல்லாததென்று கூறிவிட முடியாது. இல்லாத பெருமையை அதன்மேல் ஏற்றிவிடவும் முடியாது.

யாழ்ப்பாணத்தின் அரண்களை ஆண்டவர் அளந்தனர். அவர்களுக்கு அதற்கான தேவை இருந்தது. மடங்களையும் வீடுகளையும் கேணிகளையும் அளக்கவேண்டிய தேவை அவற்றிற் பிறந்து வளர்ந்தோரின் வழித்தோன்றல்களுக்கே உரியது. பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறைக்குச் செல்லும் தத்தம் ஊரிலே ஒரு பழைய கட்டடத்தைத் தெரிந்து, அளந்து, வரைந்து, மட்டைத்தாளில் ஒட்டிக் கொணர்வாராயின், ஓரிரு ஆண்டுகளிலே ஒரு மேசையின்மேல் ஒரு குடாநாடு எழுந்துவிடும். இனி இடியும் சுவர் ஒவ்வொன்றுக்கும் அம்மேசை சாட்சி கூறும்.